வீட்டுக் கதவைக் கழற்றி வாய்க்காலை அடைத்த விவரம்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. இங்கே நானும் நலம், சதுப்பும் நலம். அங்கே உங்கள் முட்டி வலியும் அண்ணியின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"அவரே போயிட்டாரு, இன்னும் அந்தச் சேத்துல உனக்கென்ன வேலை, கிளம்பி வா" என்று போனில் கத்தினீர்களே, அதற்குப் பதில் இது. வரமாட்டேன். உங்கள் மாப்பிள்ளை பார்த்த சதுப்புக் காவல் வேலை இப்போது என் வேலை. அது என்ன வேலை என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை, சொல்கிறேன். இந்தக் காட்டில் காலுக்கடியில் இருப்பது மண்ணே இல்லை, காலங்காலமாக விழுந்த இலையும் வேரும் தண்ணீரில் ஊறிக் கிடப்பது. ஈரம் இருக்கும்வரை அதிலுள்ள கரி அடங்கிக் கிடக்கும். காய்ந்தால் காற்றில் கலந்து உலகத்தையே சூடாக்கும், தீப்பிடித்தாலோ அடியிலேயே மாதக்கணக்கில் புகையும். முன்பு மரம் நடுவதற்காகத் தண்ணீரை வடிக்க வாய்க்கால் வெட்டினார்கள், இப்போது அதையெல்லாம் அடைக்கச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போட்டிருக்கிறது. பலகை அடித்து அடைத்தவர் அவர். போன மழையில் காய்ச்சலோடு அடைக்கப் போய்வந்து படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

சரி, அழவில்லை, மேலே கேளுங்கள். என்னைத் தற்காலிகமாகத்தான் வைத்திருந்தார்கள். பெரிய அதிகாரி வந்து பார்த்து, சதுப்பு காய்ந்திருந்தால் அடைத்துப் பயனில்லை என்று என்னை அனுப்பிவிட்டு, வாய்க்காலைத் திறந்து மறுபடி மரம் நடுவதாகப் பேச்சு. அவர் வருகிற அன்று காலையில் போய்ப் பார்த்தால் பெரிய வாய்க்காலில் பலகை பிளந்து தண்ணீர் ஓடுகிறது. கிடங்கில் வேறு பலகை இல்லை. வீட்டுக் கதவைக் கழற்றித் தாழ்ப்பாளோடு கொண்டுபோய்ச் செருகிச் சேற்றை அப்பினேன். அளவெடுத்துச் செய்தமாதிரி உட்கார்ந்தது, அண்ணா! தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று மட்டும் யோசிக்கவில்லை. அது ஜீப் வருகிற பாதையோரத்துக்கே போய், மேலே தெரியாமல் அடியில் ஊறிவிட்டது. அதிகாரி இறங்கி, "இங்க எல்லாம் காஞ்சு போச்சும்மா, இனிமே ஒண்ணும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு அடி வைத்தார், இடுப்புவரை உள்ளே போய்விட்டார். "சார், அசையாதீங்க!" என்று கத்திய டிரைவர் தான் மட்டும் ஜீப் மேலே ஏறிக்கொண்டார். கயிறு போட்டு இழுத்தவள் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "சார், ஈரம் இடுப்பளவுன்னு எழுதிக்கோங்க" என்றேன். ஒரு பூட்ஸ் சதுப்புக்கே சொந்தமாகிவிட்டது.

"அங்க அடைச்சிருக்கிறது யார் வீட்டுக் கதவும்மா?"

"எங்க வீட்டுதுதான் சார்."

"அப்ப வீட்டுக்கு?"

"புடவை தொங்குது சார்."

அதன் பிறகு ஒற்றைக்கால் பூட்ஸோடு மற்ற அடைப்புகளையெல்லாம் சுற்றிப் பார்த்தார். எதிலும் சொட்டுத் தண்ணீர் கசியவில்லை. "இதெல்லாம் யாரு அடிச்சது?" என்றார். "என் வீட்டுக்காரர்" என்றபோது என் கழுத்து தானாக நிமிர்ந்தது. வாய்க்கால் மூடியே இருக்கட்டும், இந்தம்மா நிரந்தரமாக இருக்கட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஆகையால் என்னைக் கூட்டிப்போக வராதீர்கள். எனக்கு யார் துணையும் வேண்டாம்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

அன்புத் தங்கை

பி.கு.: மற்ற காவலர்களுக்கு வாய்க்கால் அடைக்கும் விதத்தை நான் மேடையேறிச் சொல்ல வேண்டுமாம், வருகிற திங்கட்கிழமை. உங்கள் மாப்பிள்ளை பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். மேலே எழுதியதையெல்லாம் விடுங்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து முன் வரிசையில் உட்காருங்கள். என் குரல் உடைந்தால் பலமாக இருமுங்கள், எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்க்கட்டும்.