சிக்காகோ விட்ட பிழை

உலகத்தின் பெருநகரங்கள் எல்லாவற்றுக்கும் ஊழல் வரலாறு உண்டு. ஜெர்மனியில் இருக்கும் எங்கள் கெல்சென்கிர்ச்சன் தமிழர் நல்வாழ்வு மன்றத்துக்கு மட்டும் அது கிடையாது. இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. இருபத்தொரு ஆண்டுகளாக அதன் செயலாளராக இருந்து, எல்லாக் கூட்ட அறிக்கைகளையும் என் கையாலேயே எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த அறிக்கைகளில் ஒரு சச்சரவு இல்லை, உயர்ந்த குரல் ஒன்றுகூட இல்லை. "ஏகமனதாக" என்ற சொல் மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் வருகிறது.

இவ்வளவு சுத்தமாக எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மற்றவர்கள் கூட்டம் முடிந்த பிறகு அறிக்கை எழுதுவார்கள். நான் கூட்டத்துக்கு முதல் நாளே எழுதிவிடுவேன். பிறகு எழுதினால், நடந்தவை இடையில் புகுந்து குழப்பும்.

எங்கள் தலைவர் கனகலிங்கம் அவர்கள் பத்தொன்பது ஆண்டுகளாகத் தலைவராக இருப்பவர். பதவி ஆசை துளியும் இல்லாதவர். ஒவ்வோர் ஆண்டும் "நான் விலகுறன்" என்று கண்கலங்கச் சொல்லிவிட்டுத்தான் போட்டியிடுவார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் மன்றத்துக்கு ஒரு மண்டபம் இருக்கிறது. அங்கே தினமும் பிற்பகல் மூன்று மணி தொடக்கம் எட்டு மணி வரை தலைவரும் ஏழு மூத்த உறுப்பினர்களும் "பண்பாட்டு ஆய்வு" நடத்துவார்கள். வாசலில் பலகையும் அப்படித்தான் சொல்கிறது. ஆய்வுப் பொருள், முந்நூற்றி நாலு. அதைச் சீட்டாட்டம் என்று கொச்சையாகச் சொல்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள்.

இந்த அமைதியான நீரில் கல்லெறிய வந்தவள் சஜிதா. இங்கேயே பிறந்து, போஹும் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, இப்போது பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். புதிதாக ஜெர்மனிக்கு வந்த ஒன்பது தமிழ்ப் பிள்ளைகள் வகுப்பில் பேச்சு விளங்காமல் திண்டாடுகிறார்களாம். கோடைக்குள் மொழி பிடிபடாவிட்டால் நான்கு பேரைக் கீழ்வகுப்புக்கு இறக்கிவிடுவார்களாம். அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பிற்பகலில் மண்டபத்தைத் தரும்படி மூன்று கடிதம் எழுதினாள். ஆய்வுக்கு இடையூறு வரும் என்று மூன்று முறையும் பணிவாக மறுத்தோம். பிள்ளைகள் அவளுடைய சமையலறையில் இரண்டு வாங்குப் பலகைகளில் நெருக்கியடித்துக்கொண்டு படித்தார்கள். அவளோ நன்றி கெட்டதனமாகத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுவிட்டாள்.

தேர்தலுக்கு முதல் நாள் தலைவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அவளைக் கதைக்க விட்டா எங்களைப் பற்றித்தான் கதைப்பாள்."

"விடாட்டி சனநாயகம் இல்லை எண்டுவாள், அண்ணை."

"அப்ப கதைக்கட்டும். ஆனா மன்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. பொது அறிவு மட்டும். பத்து நிமிசம்."

உடனே அதை ஒரு விதியாகத் தட்டச்சு செய்து, சென்ற ஆண்டே ஏகமனதாக நிறைவேறியதாகப் பழைய அறிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தொன்பது உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். மங்கல விளக்கேற்றிய பின் அகவணக்கம். அந்த ஆண்டில் எங்களை விட்டுப் பிரிந்த மூன்று உறுப்பினர்களின் பெயர்களை நானே உருக்கமாக வாசித்தேன். முதல் பெயர் அந்தோனிப்பிள்ளை. எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றோம். தலைவர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். பிறகு, உறுப்பினர்கள் பசியோடு வாக்களிக்கக்கூடாது என்ற மனிதாபிமானத்தில், தலைவரின் சொந்தச் செலவில் ஆட்டிறைச்சி ரோல்ஸ் பரிமாறப்பட்டது.

சஜிதா எழுந்து வந்தாள்.

"எனக்குத் தந்த தலைப்பு பொது அறிவு. அதாலை நான் அமெரிக்காவிலை சிக்காகோ எண்ட நகரத்தைப் பற்றிக் கதைக்கிறன். நூறு வருசத்துக்கு முந்தி அங்கை வட்டாரத்துக்கு ஒரு பெரியவர் இருந்தவர். குளிருக்குச் சனத்துக்கு நிலக்கரி குடுப்பார். தேர்தல் எண்டா சாப்பாடும் குடியும் குடுப்பார். சனமும் நன்றியோட அவருக்கே வாக்குப் போடும்."

நாற்பத்தொன்பது பேரும் கையிலிருந்த ரோல்ஸைப் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவர் அதைத் தட்டில் திருப்பி வைத்தார். ஆறிப்போனால் நன்றாயிராது என்று மறுபடி எடுத்துக்கொண்டார்.

"சூதாட்ட விடுதியளும் கனக்க இருந்தது. ஆனா வாசலிலை சூதாட்டம் எண்டு எழுதியிராது. வேறை ஏதும் மரியாதையான பேர் தொங்கும்."

தலைவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, திறந்திருந்த வாசல் கதவில் தொங்கிய பலகையை மறைத்தார்.

"பிள்ளை, மன்றத்தைப் பற்றிக் கதைக்கக்கூடாதெண்டு விதி இருக்கு!" என்று பாய்ந்தார்.

"நான் சிக்காகோவைப் பற்றித்தான் அண்ணை கதைக்கிறன். உங்களுக்கு எங்கை சுட்டது?"

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அறிக்கையில் அந்த இடத்தில் "கரகோஷம்" என்று ஏற்கெனவே இருந்ததால் நான் திருத்தவில்லை.

"கடைசியா ஒண்டு," என்றாள். "அங்கை செத்தவையும் வாக்குப் போட்டவை. கல்லறையிலை இருந்த பேருகளைக்கூடப் பட்டியலிலை சேர்த்தவங்கள்."

என் மனம் கொதித்தது. இறந்தவர்களை இப்படியா அலைக்கழிப்பது! எங்கள் மன்றத்தில் யாரையும் நேரில் வரச்சொல்லி வற்புறுத்துவதில்லை. வர இயலாதவர்களிடம் கையெழுத்திட்ட வாக்குரிமைக் கடிதம் பெறுவோம். பெறுவது சிரமமாக இருந்தால் நானே தயாரித்துக் கொடுப்பேன்.

கை உயர்த்தி வாக்கெடுப்பு நடந்தது. சஜிதாவுக்கு இருபத்தைந்து. தலைவருக்கு இருபத்துநான்கு. நான் அவசரப்படாமல் கோப்பைத் திறந்தேன்.

"வர இயலாத நிலையில் மூன்று உறுப்பினர்கள் தலைவருக்குக் கடிதம் மூலம் ஆதரவு தெரிவித்திருக்கிறார்கள்," என்று சொல்லிப் பெயர்களை வாசித்தேன். "அந்தோனிப்பிள்ளை..."

பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது பெயருக்குப் பாதி மண்டபம் எழுந்தது. மூன்றாவது பெயருக்கு எல்லோரும் எழுந்து, கைகளைக் கட்டி, தலைகுனிந்து நின்றார்கள். தலைவரும் பழக்கதோஷத்தில் எழுந்து கைக்குட்டையை எடுத்தார். ஒரே நாளில், ஒரே குரலில், ஒரே வரிசையில் இரண்டு முறை வாசித்துவிட்டேன். ஒழுங்காக வேலை செய்பவனுக்கு வரும் சோதனை இது.

அந்த அமைதியில் அந்தோனிப்பிள்ளையின் மனைவி ஜெயமலர் அக்காவின் குரல் கேட்டது.

"செக்ரட்டறி, அவர் எந்தத் திகதியிலை கையெழுத்து வைச்சவர்?"

"போன பன்ரெண்டாந் திகதி, அக்கா."

"அவர் மோசம்போய் எட்டு மாசம்."

"அதாலைதான் அக்கா, வர இயலாத நிலை எண்டு அதிலையே போட்டிருக்கு."

"இருக்கேக்கை ஒருநாளும் உவருக்கு வாக்குப் போடாத மனிசன்," என்று தலைவரைக் கை காட்டினார் அக்கா. "இப்ப போட்டிருக்கிறார். நான் இல்லாமல் அவர் நல்லாக் கெட்டுப்போனார் போல."

அப்போது எழுந்த சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தலைவர் வழக்கம்போல "நான் விலகுறன்" என்றார். பத்தொன்பது ஆண்டுகளில் முதல் தடவையாக அதை எல்லோரும் நம்பிவிட்டார்கள். கனகலிங்கம் அண்ணை ஒரு நிமிடம் நின்றார். விலகவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

ஆனால் செயலாளருக்குக் கண்ணீர் விட நேரமில்லை. தலைவர் மாறினால் அறிக்கையில் புதிய தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு, நொத்தாரிசு எனும் சான்றுறுதி அலுவலர் மூலம் நீதிமன்றப் பதிவுக்கு அனுப்பவேண்டும். செவ்வாய்க்கிழமை அங்கே டெர்மின், அதாவது குறித்த நேரம். பின்னறையில் உட்கார்ந்து அறிக்கையில் அவசியமானதை மட்டும் மாற்றி அச்செடுத்துச் சஜிதாவிடம் நீட்டினேன். சீட்டாடும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தாள்.

"'தலைவர் கனகலிங்கம் இளையவர்களுக்கு வழிவிட்டுத் தானாகவே விலகினார். மண்டபத்தை மாணவர்களுக்கு வழங்கும்படி அவரே முன்மொழிந்தார். சஜிதா ஏகமனதாகத் தெரிவானார்.'" நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணை, இப்பிடியே நடந்தது?"

"வடிவா இருக்குத்தானே?"

"அந்த மூண்டு வாக்கும் எங்கை?"

நான் கதிரையை இழுத்துப்போட்டு, இருபத்தொரு ஆண்டு அனுபவத்தை அவளுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினேன்.

"பிள்ளை, சிக்காகோவிலை ஊழல் நடந்ததெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எழுதி வைச்சிருக்கினம்."

"அதுதான் அவங்கள் விட்ட பிழை."

அவள் சிரிக்கவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தாள். சீட்டுக்கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளை விரித்து, நடந்தது நடந்தபடி எழுதத் தொடங்கினாள். செய்தி கேட்டு வந்த ஒன்பது பிள்ளைகளும் வாசலில் புத்தகப்பையோடு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இவ்வாறு எங்கள் மன்றத்துக்கும் ஒரு வரலாறு கிடைத்துவிட்டது. முதல் வரியிலேயே என் பெயர் இருக்கிறது.