இன்ஸ்பெக்டர் ரம்யாவுக்கு அவித்த வட்டிலப்பம்

கதையில் வரும் ஆட்களுக்காக அழுகிறவர்களை இந்த உலகம் மன்னித்துவிடும். அவர்களுக்காக வட்டிலப்பம் அவிக்கிறவர்களைத்தான் மன்னிக்காது. நான் இரண்டாவது வகை.

அப்போது புத்தளத்தில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை. பகலில் குளிசை எடுத்துக் கொடுப்பேன். மிச்ச நேரமெல்லாம் போனில் வாராவாரம் வந்த ஒரு தொடர்கதைக்குள் குடியிருந்தேன். இன்ஸ்பெக்டர் ரம்யா, தேன்மொழி என்ற கள்ளியைத் துரத்துகிறாள். துரத்தித் துரத்தியே இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குக் காதல் வந்துவிடுகிறது.

சில வாசகர்கள் முகம் சுளித்தார்கள். எழுதியவர் பயந்துபோய், ரம்யாவை ஒரு பெரிய பொலிஸ் அதிகாரிக்குக் கட்டிவைக்கப் பார்த்தார். விடுவேனா? 'இடிமுழக்கம்' என்ற கள்ளப் பெயரில் கதைக்குக் கீழே கருத்துப் பகுதியில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். (அந்த இடிமுழக்கம் வீட்டில் கரப்பானைக் கண்டால் கதிரைமேல் ஏறிவிடும்.)

வெறும் விசர், பைத்தியம் என்று நினைக்காதீர்கள். காரணம் ஷிரீன், என் சிநேகிதி. (பெயரை மாற்றியிருக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) அவளுக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்பது அந்த ஊரில் எனக்கு மட்டுமே தெரியும். "என்னப் போல ஆக்கள் கதையில வந்தா கடைசியில செத்துப் போறாங்க. இல்லாட்டி எவனையாவது கட்டிக்கிறாங்க" என்று ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

கடைசி அத்தியாயம் வந்தது. இரண்டு பேரும் சாகவில்லை, பிரியவில்லை. ஒரே வீட்டில் குடியேறினார்கள். வென்றுவிட்டோம்! உம்மா பாலாவியில் மாமா வீட்டுக்குப் போயிருந்த நேரம். குசினிக்குள் புகுந்து, இருந்த முட்டை, கித்துள் கருப்பட்டி எல்லாவற்றையும் தீர்த்து வட்டிலப்பம் அவித்தேன். அலுமாரியில் இருந்த நல்ல லேஸ் துணிகளை எடுத்துத் தட்டுகளை மூடி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் "பொறகு சொல்றன்" என்று சிரித்துவிட்டு ஓடிவந்தேன்.

எங்கள் ஒழுங்கையில் லேஸ் துணி மூடிய தட்டு வருவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான்: வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருக்க வேண்டும். வென்ற சந்தோஷத்தில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. கொண்டுவந்தவளே வெட்கப்பட்டு ஓடினால் வேறு சாட்சி எதற்கு? (மணப்பெண்ணே தட்டைத் தூக்கிக்கொண்டு திரிவது அவர்களுக்குப் புதுசு. இந்தக் காலத்துப் பிள்ளை என்று அதையும் பொறுத்துக்கொண்டார்கள்.)

பின்னேரம் எங்கள் ஹோல் நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு சபீனா மாமி தேத்தண்ணிக் கோப்பை செட் ஒன்றோடு வந்திருந்தார். எதிர் வீட்டுத் தாத்தா (எங்கள் ஊரில் தாத்தா என்றால் அக்கா) ஒரு பெட்ஷீட் கொண்டுவந்தார். ஷிரீனும் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலோடு நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா வந்து சேர்ந்தார்.

"ஆருடி மாப்பிள்ளை? பஸ்ஸால இறங்கினதும் த்ரீவீல்காரன் கேக்கிறான், கல்யாணம் எப்ப எண்டு. பெத்த எனக்கு மட்டும் தெரியாது!"

"எனக்கு இல்ல உம்மா. ரம்யாவுக்கு."

"எந்த ரம்யா?"

"கதையில வாற இன்ஸ்பெக்டர்."

உம்மா அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சபீனா மாமி மட்டும் விடவில்லை. பரிசு கொண்டுவந்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டல்லவா? "சரி, அந்த இன்ஸ்பெக்டருக்கு மாப்பிள்ளை ஆரு?"

தேன்மொழியை ஒரு தேனப்பனாக மாற்றிவிட்டால் தப்பிவிடலாம். "தேன்..." என்று தொடங்கியும் விட்டேன். அப்போது வாசலைப் பார்த்தேன். ஷிரீனின் முகத்தில் சிரிப்பு இல்லை. நான் பொய் சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பொய்யை நான் சொல்லும் முன்பே மன்னித்துவிட்டவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"மாப்பிள்ளை இல்ல மாமி. தேன்மொழி. அவளும் பொம்புளதான். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் விரும்புறாங்க."

இனி மானம் போக மிச்சமில்லை என்ற தைரியத்தில் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். ஓடிக் காட்டினேன், சுவரேறிக் காட்டினேன். பாதியில் எதிர் வீட்டுத் தாத்தா "இதெல்லாம் ஒரு கதையா?" என்று எழும்பி, பெட்ஷீட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வட்டிலப்பத்தைத் திருப்பித் தரவில்லை.

"அவ போகட்டும். அந்தக் கள்ளி புடிபட்டாளா?" என்றார் சபீனா மாமி.

"புடிபட்டா. ரம்யா விலங்கு போட்டா. ஒரு பக்கம் அவட கையில, மத்தப் பக்கம் தன்ட கையில."

"யா அல்லாஹ்!" மாமி நெஞ்சில் கைவைத்தார். "பொறகு?"

முடியும்வரை அந்தப் 'பொறகு' ஓயவில்லை. கடைசியில் உம்மா வாயைத் திறந்தார். முட்டைக்கு ஏச்சு விழப் போகிறதென்று ஒதுங்கி நின்றேன்.

"ரெண்டு புள்ளையளும் உசிரோடதானே இருக்காங்க?"

"ஓம் உம்மா."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார். வாசலில் ஷிரீன் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையில் சித்தியடைந்தபோதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

அன்றிலிருந்து நான் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், பெருநாள் பலகாரமாக இருந்தாலும், ஒழுங்கை முழுக்க ஒரே கேள்விதான்: "கதையிலயா, நெசத்திலயா?" எனக்கு உண்மையாகவே கல்யாணம் முடிவானபோது, மாப்பிள்ளையைக் கண்ணால் காணும்வரை ஒருவரும் தட்டைத் தொடவில்லை. என் கணவர் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

போன வருடம் ஷிரீன் வெளிநாட்டிலிருந்து கோல் எடுத்து ஒரு செய்தி சொன்னாள். போனை வைத்த கையோடு வட்டிலப்பம் அவித்து, லேஸ் துணியால் மூடி, சபீனா மாமியிடம் கொண்டுபோனேன்.

"கதையிலயா, நெசத்திலயா?"

"நெசத்தில மாமி. ஆருக்கு எண்டு மட்டும் கேக்காதீங்க."

மாமி தட்டை வாங்கி, வெறுந்தட்டாகத் திருப்பக் கூடாதென்று உள்ளே போய்ச் சீனி நிரப்பிக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"ரெண்டு புள்ளையளுக்கும் என்ட சலாத்தச் சொல்லு."