ஏரிக்கரையில் என் சட்டை

காக்கிச் சட்டை போட்டவனைப் பார்த்து நம் ஊரில் இரண்டே பேர்தான் பயப்பட மாட்டார்கள். ஒன்று, நிஜ போலீஸ். இன்னொன்று, நாய். இதில் இரண்டாவதைத் தெரிந்துகொள்வதற்குள் கைக்கு வந்த கல்யாணம் ஒன்று எனக்குக் கெட்டுப்போனது.

அப்போது நான் ஊர்க்காவல் படையில் சேர்ந்த புதிது. (போலீஸ் இல்லை, போலீஸுக்குக் கைத்துணை. தேரோட்டத்தில் கயிறு பிடிப்போம், சந்தை நாளில் விசிலூதி பஸ்ஸுக்கு வழி விடுவோம், வெயிலில் காய்வோம்.) ஆனால் என் அம்மா பாப்பாரப்பட்டி சந்தை முழுக்க, "பையன் டிபார்ட்மென்ட்ல இருக்கறான்" என்று சொல்லி வைத்திருந்தாள். கம்பைநல்லூரிலிருந்து ஒரு சம்பந்தமும் வந்தது. பெண்ணைப் பார்த்தாயிற்று. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்கள் ஒரு நாள் சாயங்காலம் வந்து எங்கள் வீட்டைப் பார்ப்பதுதான் பாக்கி.

அந்த நாள் காலையில்தான் எங்கள் ஊர் ஏரியில் ஒரு பிணம் மிதந்தது.

ஸ்டேஷனில் இருந்தவர்களில் பாதிப் பேர் திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். ஏட்டையா எனக்கு போன் போட்டார். ஊர்க்காரர்கள் தூரத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்க்க, நானும் அவரும்தான் இறங்கி இழுத்துக் கரையில் போட்டோம். நடுத்தர வயது ஆள், கட்டம் போட்ட லுங்கி, சட்டைப்பையில் ஒன்றுமில்லை. பிடித்த கை வழுக்கியதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

ஏட்டையா ஒரு சாக்கை எடுத்து மூடினார். "எஸ்.ஐ. வர மத்தியானம் ஆயிடும். நான் போயி வண்டிக்கு ஏற்பாடு பண்றேன். நீ நாய் அண்டாம பாத்துக்க. மூஞ்சிதான்பா முக்கியம். போன்ல போட்டோ எடுத்தா சேறும் வீக்கமுமாத்தான் தெரியுது. பொண்டாட்டி புள்ளைங்க நேர்ல பாத்தாத்தான் அடையாளம் சொல்லுவாங்க. மூஞ்சி போச்சுன்னா இந்தாளு யாருமே இல்லாம போயிருவான்."

"சரிங்க ஏட்டையா" என்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன். (அதில் மட்டும் எந்தக் குறையும் வைத்ததில்லை.)

அவர் போன கொஞ்ச நேரத்தில் அம்மாவிடமிருந்து போன். "டேய், வந்துட்டாங்கடா! சாயந்தரம் நேரம் சரியில்லன்னு இப்பவே வந்துட்டாங்க. வேன் வாசல்ல நிக்குது!"

"அம்மா, நான் பொணத்துக்கிட்ட இருக்கறேன்."

"பொணம் எங்கயும் போயிராதுடா. சம்பந்தம் போயிரும்!"

நான் யோசித்தேன். நான் யோசித்தாலே வில்லங்கம்தான். எங்கள் சோளக்காட்டில் பொம்மை கட்டி வைத்தால் மயில்கூட எட்டித்தான் நிற்கும். மயிலுக்கே பயமென்றால் நாய்க்கு இருக்காதா? லத்தியை ஈர மண்ணில் ஊன்றி, குறுக்கே ஒரு குச்சியைக் கட்டி, என் காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டினேன். மேலே தொப்பியையும் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தால், சத்தியமாக என்னைவிட அதற்குத்தான் போலீஸ் களை இருந்தது. இருக்கட்டும் என்று ஒரு விசிலும் ஊதிவிட்டு, பனியனோடு பைக்கில் பறந்தேன்.

பின்பக்கமாக நுழைந்து, சோப்புப் போட்டுக் குளித்து, வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தேன். பெண்ணின் அப்பா அதிகம் பேசாத மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பிக்கு இன்னைக்கு டூட்டி இல்லீங்களா?"

"லீவுங்க" என்றாள் அம்மா, நான் வாயைத் திறக்குமுன்பே.

கேசரி வந்தது. நான் முதல் வாய் வைக்கவும் என் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. அம்மா எடுத்தாள். (அவளுக்கு போனைக் காதில் வைத்துப் பேசவே வராது. எடுத்தால் ஸ்பீக்கர்தான்.)

"என்னாப்பா, பொணம் எப்படி இருக்குது? நாய் கீய் வந்துச்சா?" என்று ஏட்டையாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

பெண்ணின் அப்பா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "பொணத்துக்கிட்ட இப்ப யாருங்க இருக்கறாங்க?"

"என்... என் சட்டைங்க" என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். "வண்டியில ஏறுங்க" என்றார் என்னிடம். வேனில் போகும்போது என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "என் தம்பி ரயில்ல அடிபட்டு, பொம்மிடி தாண்டி தண்டவாளத்தோரம் கெடந்தான். நாங்க போயிச் சேர்றவரைக்கும் ஒரு ஊர்க்காவல் பையன் கொடையப் புடிச்சிட்டு, நாயத் தொரத்திட்டு நின்னான். அவனாலதான் எங்கம்மா கடைசியா மூஞ்சியப் பாத்துச்சு. அவன் பேருகூட எங்களுக்குத் தெரியாது. உங்கம்மா போலீஸுன்னாங்க. ஊர்க்காவல்னு விசாரிச்சுத் தெரிஞ்சுதான் நான் வந்தேன்."

ஐயோ என்றிருந்தது எனக்கு. எந்தச் சட்டைக்காகப் பெண் கொடுக்க வந்தாரோ, அந்தச் சட்டையைக் கழற்றிக் குச்சிக்கு மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

ஏரிக்கரையில் என் சட்டை கம்பீரமாகத்தான் நின்றிருந்தது. அதன் நிழலில் ஒரு நாய் சுகமாகப் படுத்திருந்தது. இன்னும் இரண்டு நாய்கள் சாக்கை இழுத்துப் போட்டுவிட்டுக் கால்மாட்டில் நின்றன. வேன் நிற்பதற்குள் அவர் குதித்து, செருப்பைக் கழற்றிக்கொண்டு கத்தியபடி ஓடினார். முகம் தப்பியது. வலது காலில் ஒரு விரல் தப்பவில்லை. தின்ற ஒரு வாய்க் கேசரியையும் நான் அங்கேயே கக்கினேன்.

அவர் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்துப் பிணத்தின் முகத்தில் போர்த்தி, தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கால்மாட்டில் நின்றேன். எஸ்.ஐ. வந்து சேரும்வரை அவர் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. போகும்போதுதான் கேட்டார். "நாளைக்கு எம்பொண்ணு நோவுன்னு படுத்துட்டா, நீங்க பக்கத்துல இருப்பீங்களா, இல்ல சட்டைய மாட்டி வெச்சிட்டுப் போயிருவீங்களா தம்பி?"

துண்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். சம்பந்தமும் அதோடு போயிற்று.

மறுநாள் தர்மபுரி ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு ஒரு அம்மா வந்தார். முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், "இவருதாங்க, எங்க வூட்டுக்காரருதாங்க" என்று விழுந்து அழுதார். அழுது ஓய்ந்தபின் காலைப் பார்த்தார். "வெரலு நல்லாத்தானே இருந்துச்சு?"

"மீனு கடிச்சிருக்கும்மா" என்றார் ஏட்டையா அவசரமாக. பேச்சை மாற்ற என்னை முன்னால் தள்ளினார். "இந்தத் தம்பிதான் நாய் அண்டாம கூடவே இருந்து பாத்துக்கிட்டான்."

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "நல்லா இருப்பீங்க சாமி. இந்தத் துண்டும் உங்களுதுங்களா?"

"இல்லீங்க. கம்பைநல்லூர்க்காரர் ஒருத்தருது. அவருதான்..." என்று ஆரம்பித்தேன். ஏட்டையா என் காலை மிதித்தார். நானும் நிறுத்திக்கொண்டேன். ஏரியில் பிணத்தைத் தொட்டபோதுகூட என் உடம்பு அப்படிக் கூசவில்லை.

இன்றைக்கும் ஊர்க்காவல் படையில்தான் இருக்கிறேன். பிணக்காவல் என்றால் ஸ்டேஷனில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மழையானாலும் வெயிலானாலும் வண்டி வரும்வரை நகர மாட்டேன், சிறுநீர் முட்டினாலும் நகர மாட்டேன். பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. தாலி கட்டிய வாரமே அம்மா என் மனைவியிடம் முழுக்கதையையும் ஒப்பித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்குக் காப்பியோடு இந்தக் கதையும் உண்டு. எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்தக் கால்விரலை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் டூட்டிக்குக் கிளம்பும்போது மனைவி காக்கிச் சட்டையைத் தேய்த்துக் கையில் கொடுப்பாள். நான் வாசல் தாண்டுமுன் தவறாமல் உள்ளேயிருந்து அவள் குரல் வரும்.

"சட்டை மட்டும் நின்னாப் பத்தாதுங்க. உள்ள நீங்களும் இருங்க!"