ஐம்பது மீட்டருக்குள் யாரும் கூடாது

வானத்தை வென்றவனே வையத்தை வெல்வான். ஸ்கெல்பி நகர விமானக் கேடட் படையின் கொட்டகைச் சுவரில் இப்படி அடி உயர எழுத்தில் எழுதியிருந்தது. மழைக்காலத்தில் 'வென்றவனே'க்குக் கீழே ஒரு வாளி வைப்பார்கள். அந்த ஊரில் மழைக்காலம் என்பது வருஷத்தில் பதினோரு மாதம்.

படைத் தலைவர் ஃபிளைட் லெஃப்டினன்ட் கிளெமென்ட் டென்ஹோம். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடை. செவ்வாய், வெள்ளி மாலைகளில் தொப்பி, பட்டை, விறைப்பு. அவர் படையில் சேர்ந்த ஐந்து வருஷத்தில் முப்பத்தொரு பிள்ளைகள் பன்னிரண்டாகிவிட்டார்கள். பத்துக்குக் கீழே போனால் கொட்டகைக்குப் பூட்டு என்று மேலிடம் எழுதிவிட்டது.

அலமாரியில் ஒரு டிரோன் இருந்தது. வந்து இரண்டு வருஷம். இன்னும் தரையை விட்டு எழும்பவில்லை.

"சார், அந்தப் பெட்டியைத் தூசு தட்டித் தட்டியே நான் சார்ஜன்ட் ஆயிட்டேன்," என்றாள் பதினாறு வயது ஹெட்டி. "நாங்க அஞ்சு பேரு பக்கத்து ஊர் சாரணர்ல சேரப் போறோம். அங்க டிரோன் நெஜமாவே பறக்குதாம்."

பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு. டென்ஹோம் எழுந்து அலமாரியைத் திறந்தார்.

"சனிக்கிழமை மேலிடத்துலேருந்து குரூப் கேப்டன் பார்வையிட வர்றாரும்மா. அவர் முன்னாடி நீதான் பறக்க விடப் போற. இது என் வாக்கு."

வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் டிரோனுக்கான கொள்கைக் கையேட்டைத் திறந்தார். எழுபது பக்கம். எல்லாவற்றையும் தாண்டி வந்தவர் பதினான்காம் விதியில் தடுக்கி விழுந்தார். 'பறக்கும் இடத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் முன்விளக்கம் பெறாத வெளியாள் ஒருவரும் இருக்கக் கூடாது.'

பயிற்சி மைதானத்தின் குறுக்கே ஒரு நடைபாதை போனது. முந்நூறு வருஷமாக ஊரார் நடக்கும் பாதை. அதை மறிக்க அந்த நாட்டில் யாருக்கும் உரிமையில்லை. உண்மையில் அதில் நாளைக்கு இரண்டு பேர் நடந்தால் அதிகம். ஆனாலும் முன்ஜாக்கிரதையாக, 'சனி காலை பத்து மணிக்கு டிரோன் பறக்கும், தயவுசெய்து வராதீர்கள்' என்று ஊரெங்கும் ஒன்பது பலகைகள் நட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊரே வந்திருந்தது. இரண்டு பேர் நடக்கும் பாதையில் பன்னிரண்டு பேர், மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் டீ, குடை சகிதம்.

"வராதீங்கன்னுதானே போட்டிருந்தேன்!"

"போட்டதுனாலதான் தெரிஞ்சுது," என்றார் கசாப்புக் கடைக்காரர். "எப்பங்க ஆரம்பிப்பீங்க?"

தலைமையகத்து டிரோன் பிரிவிலிருந்து மிஸ் பிரிங்கிள் தடித்த கோப்போடு வந்திருந்தாள். விதி என்றால் அவளுக்கு வேதம். அவளே வழி சொன்னாள். "விளக்கம் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டா அவங்க வெளியாள் இல்ல சார், பங்கேற்பாளர்."

டென்ஹோம் மழையில் நனைந்தபடி பன்னிரண்டு பேருக்கும் விளக்கி, பன்னிரண்டு கையெழுத்து வாங்கினார்.

"இப்ப பறக்கலாமா?"

"பங்கேற்பாளர்னா மஞ்சள் கோட்டு, ஹெல்மெட் கட்டாயம் சார்."

படையில் இருந்ததே பன்னிரண்டு கோட்டு, பன்னிரண்டு ஹெல்மெட். பிள்ளைகளிடமிருந்து கழற்றி ஊராருக்கு மாட்டினார்கள்.

"அப்ப பசங்க?"

"கோட்டு இல்லாதவங்க ஐம்பது மீட்டருக்கு அந்தப் பக்கம் போயிடணும் சார்."

அந்தப் பக்கம் இருந்தது பஸ் நிறுத்தம். பதினோரு கேடட்டுகள் அதன் கூரைக்குக் கீழே ஒடுங்கி நின்றார்கள். ஹெட்டி மட்டும் மழையில் நின்றாள். டிரோனை இயக்கவிருந்தவள், ஆடு மேய்ப்பவரும் கசாப்புக் கடைக்காரரும் தன் படையின் கோட்டில் விறைப்பாக நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்வையிட வந்தது இந்தப் படையைத்தானா?" என்று குரூப் கேப்டன் ஃபாக்ஸ்டன் கசாப்புக் கடைக்காரரின் தொப்பையை நோக்கினார். பிறகு கடிகாரத்தை நோக்கினார். "பத்து நிமிஷம் தர்றேன், டென்ஹோம்."

அப்போது பாதையில் நாயோடு வந்தாள் மிசஸ் ஆக்ராய்ட். மைதானத்து ஓரத்தில், தன் கணவர் நினைவாகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

டென்ஹோம் தாளோடு ஓடினார். "அம்மா, ஒரே ஒரு கையெழுத்து."

"எதுக்கு?"

"இங்க உக்கார்றதுக்கு."

"எம் புருசன் பெஞ்சுல உக்கார நான் கையெழுத்துப் போடணுமா? நல்லாருக்கு கண்ணு நாயம்!"

"அப்ப கொஞ்சம் தள்ளியாவது..."

"அவரு உசுரோட இருந்தப்பவே நான் தள்ளி உக்காந்தது இல்ல."

பஸ் நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. பக்கத்து ஊர் பஸ். ஐந்து பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷப் பொறுமை டென்ஹோமிடம் அறுந்தது. "எந்த முட்டாள் எழுதுன விதி இது? மழையில நின்னவனா? ஒரு பிள்ளைக்காவது வாக்குக் கொடுத்தவனா? மிஸ் பிரிங்கிள், இதுக்கெல்லாம் காரணம்னு ஒருத்தன் இருப்பான்ல?"

"எல்லா விதிக்கும் பின்னணி கோப்புல இருக்கும் சார்."

"படிங்க! மெகாபோன்ல படிங்க! அந்தப் பிள்ளைங்க காதுலயும் விழட்டும். அவங்க பொழப்பைக் கெடுத்தது நான் இல்ல, எவனோ ஒரு பேமானின்னு தெரியட்டும்!"

மிஸ் பிரிங்கிள் சொன்னதைச் செய்பவள். மெகாபோனை எடுத்தாள். பஸ் டிரைவர்கூட எஞ்சினை நிறுத்தினார்.

"விதி பதினாலு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி, நம்ம கேடட் டிரோன் ஒண்ணு ஒரு வீட்டுத் தோட்டத்து மேல பறந்திருக்கு. யாரோட டிரோன்னு தெரியாம, வீட்டுக்காரர் தொகுதி எம்.பி.க்குப் பதினோரு கடிதம் எழுதியிருக்கார். அந்தக் கடிதங்களை எம்.பி. நமக்கு அனுப்பினதுல வந்த விதி."

டென்ஹோமின் கை மெதுவாக உயர்ந்தது. "போதும், மிஸ் பிரிங்கிள். நேரமாச்சு..."

"முழுசாப் படிங்க," என்றார் குரூப் கேப்டன்.

"புகார்தாரர்: கி. டென்ஹோம், மூக்குக் கண்ணாடிக் கடை, ஸ்கெல்பி," என்று மைதானமெங்கும் ஒலித்தது. "சம்பவ நேரத்தில் புகார்தாரர் ஜட்டி மட்டும் அணிந்து, வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்."