இரண்டு மணிச் சங்கு

நெய்வேலியில் ஒருவருடைய முகத்தையும் முழுதாகப் பார்க்காமல் வாழ்ந்து முடித்த மனிதர் உண்டென்றால், அது நாங்கள் வாயசைப்பு என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவர்தான். கண், மூக்கு, நெற்றி எல்லாம் அவருக்கு வீண். எதிரே நிற்பவரின் வாயைத்தான் பார்ப்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படியே பார்த்துத் தொலைத்தார். தன் பல் எடுப்பாக இருக்கிறதோ என்று பயந்து அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனது, திரும்பி வரவே இல்லை. மனிதர் கடைசிவரை தனிக்கட்டை.

டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்துப் பக்கம் அவருக்கு வீடியோ மிக்ஸிங் கடை. டிகிரி முடித்து வேலை தேடிய காலத்தில் நான் அங்கே கல்யாண வீடியோக்களுக்குப் பெயர் போட்டுக்கொண்டிருந்தேன். படத்தில் வாய் முந்திக் குரல் பிந்தினால் அவருக்கு ஆகாது. நிஜத்திலும் அப்படித்தான். ஒருமுறை பொதுக்கூட்ட மைதானத்தின் கடைசியில் நின்றோம். பேச்சாளர் வாயை மூடிய பிறகுதான் வார்த்தை வந்து சேர்ந்தது. வாயசைப்பு முன்னால் நடக்க ஆரம்பித்தார். வாயும் குரலும் ஒட்டிய இடம் மேடைப் படிக்கட்டு. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு போலீஸ்காரர்கள் தூக்கி வந்து என்னிடம் கொடுத்தார்கள்.

தொழிலில் அவருக்கு ஒரே சட்டம்தான்.

"படத்தோட வேகத்த மாத்துனா குரலையும் சேத்து மாத்துங்க தம்பி. பிரிச்சி வுட்டீங்கன்னா புருசன் ஒரு ஊரு, பொண்டாட்டி ஒரு ஊருன்னு ஆயிடும்."

அந்தக் கடைக்கு ஒரு நாள் மல்லிகா வந்தாள். வடக்குத்துக்காரி. கணவன் சேகர் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவன். வேலை முடிந்து பைக்கில் வந்தவனை ரோட்டில் ஒரு லாரி அடித்துப் போட்டிருந்தது. முதல் வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. கூடவே அவள் தம்பியும், மூன்று வயதுப் பெண் குழந்தையும் வந்திருந்தார்கள்.

சேகர் பேசுகிற வீடியோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாசலில் குந்திக்கொண்டு, நடை பழகும் மகளைக் கூப்பிடுகிறான். அவன் உயிரோடு இருந்தபோது, இப்போது கூட வந்திருந்த இந்த மச்சினன் அதைத் தமாஷுக்காக வேகமாக ஓடவிட்டு ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான். அசல் அழிந்து போயிற்று. மிச்சமிருந்ததில் சேகர் அணில் மாதிரி கீச்சிட்டான்.

"இவ அப்பன் பேசுறதக் கேட்டா சிரிக்கிறாண்ணே," என்றாள் மல்லிகா. "அவுரு கொரல எப்பிடியாவது கொண்டாந்து குடுங்க. எனக்கே அது மறந்துகினு வருது."

சொன்னபடி குழந்தை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

எவ்வளவு வேகம் கூட்டினான் என்று தெரிந்தால் அதே அளவு குறைத்துவிடலாம். மச்சினனைக் கேட்டோம்.

"ஞாபகம் இல்லண்ணே. ரெண்டு மூணு தடவ மாத்தி மாத்தி வச்சேன்."

வாயசைப்பு படத்தையும் குரலையும் சேர்த்தே மெல்ல இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் இழுத்தால் சேகர் பள்ளிக்கூடப் பையன். இன்னும் இழுத்தால் ராட்சசன். ஒவ்வொன்றுக்கும் மல்லிகா தலையாட்டினாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டு அழுதாள். எது அவன் குரல் என்று அவளுக்கே குழம்பிவிட்டது.

திடீரென்று வாயசைப்பு ஹெட்போனைக் கழற்றினார்.

"சங்கும்மா. பின்னால சங்கு ஊதுது."

"அவுருக்குத்தான் போன வருசமே ஊதிட்டாங்களேண்ணே," என்றாள் அவள்.

அவர் சொன்னது ஷிஃப்ட் மாறும்போது மைன்ஸில் ஊதுகிற சங்கை. வீடியோவில் சேகரின் குரலுக்குப் பின்னால் அதுவும் கீச்சென்று ஊதிக்கொண்டிருந்தது. மனுஷன் குரல் மறந்து போகலாம், இந்தச் சங்கு தினமும் அதே குரலில்தானே ஊதுகிறது? மதியம் இரண்டு மணிச் சங்குக்காக மைக்கைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். பதிவு செய்ததைப் பக்கத்தில் வைத்து, இரண்டு சங்கும் ஒன்றாகும்வரை வீடியோவின் வேகத்தைக் குறைத்தார்.

சேகர் பேசினான். "வாடி தங்கம். அப்பாகிட்ட வா. வுழ மாட்ட, வா."

"கொரல் கட்டிக்கினு இருக்கே," என்றாள் மல்லிகா.

"சங்கு சரியா இருக்கும்மா. நான் இதுக்கு மேல தொட மாட்டேன்."

அவள் இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு மெதுவாக, "அன்னிக்கு அவுருக்குச் சளி. நாந்தான் கசாயம் வெச்சிக் குடுத்தேன்," என்றாள்.

குழந்தை சிரிக்கவில்லை. திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தது.

"இது யாரும்மா?"

வாயசைப்புதான் சொன்னார், "உங்கப்பா கண்ணு." குழந்தை நம்பாமல் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் மறுபடி ஓடவிட்டார். குழந்தை போதும் என்று சொல்லும்வரை ஓடவிட்டுக்கொண்டே இருந்தார்.

போன மாசியில் வாயசைப்பு மாரடைப்பில் போய்விட்டார். அவர் மிக்ஸிங் செய்த எத்தனையோ கல்யாணங்கள் கடைக் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றில்கூட அவர் பேசவில்லை. "தம்பி" என்று என்னைக் கூப்பிடுவாரே, அந்தக் குரல் எப்படி இருந்தது என்று இப்போதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.