மாப்பிள்ளை, மறுபடியும் அப்டேட் வந்திருக்கிறது

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு அத்தை எழுதிக்கொள்வது. கடவுள் அருளால் இங்கே கம்ப்யூட்டரைத் தவிர எல்லோரும் சௌக்கியம். உங்களுக்கும் என் மகளுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று காலையில் வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் மாமா காதைத் தீட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பழைய கம்ப்யூட்டர் நத்தையாக ஊர்கிறது என்று நான் புலம்பியதற்காக, நீங்கள் மெனக்கெட்டுத் தனியாக வந்து, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு லினக்ஸ் என்கிற புது சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தீர்கள். அன்றைக்கு மாமா உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்ததை நான் மறக்கவில்லை. எங்களைக் கேட்காமல் நீங்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்ட நாளில் மூடிய வாய் அது. "அப்பா அவரோட பேசுற வரைக்கும் நான் அந்த வீட்டு வாசப்படி ஏறமாட்டேன்"னு உங்க வீட்டுக்காரியும் ஒத்தைக்கால்ல நிக்கிறா. பிடிவாதத்துல அப்பாவும் பொண்ணும் ஒரே அச்சு. அவ வந்து நிக்கணும்கிறதைத் தவிர நான் கடவுள்கிட்ட வேற எதுவும் கேக்கறதில்லை.

லினக்ஸ் முதலில் நன்றாகத்தான் ஓடியது. வீட்டுக் கணக்கை எல்லாம் அதில் ஏற்றி, கூட்டல் கழித்தலை நானாகவே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். பிறகு ஒருநாள் ஓரத்தில் 'அப்டேட் வந்திருக்கிறது, செய்யலாமா?' என்று பணிவாக ஒரு கட்டம் வந்தது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே என்று சரி கொடுத்தேன். மறுநாள் பிரார்த்தனைப் பாட்டுப் போட்டால் சத்தம் இல்லை, நானே பாடினேன், மாமா பதறிப்போய் எழுந்து வந்து "யாருக்கு என்ன ஆச்சு?"ன்னார். அடுத்த அப்டேட்ல சத்தம் வந்துச்சு, எழுத்தெல்லாம் எறும்பாயிடுச்சு. அதைச் சரி பண்ணும்னு இன்னொண்ணு கொடுத்தேன், கீழே இருந்த பட்டையைக் காணோம். போன வாரம் கொடுத்ததுல திரையே கறுப்பாகி, மூலையில ஒரு கோடு மட்டும் கண்ணடிச்சுது. மாசக் கணக்கு உள்ளே, நான் வெளியே.

உங்களைக் கூப்பிட்டேன். மூணு பொத்தானைச் சேர்த்து அமுக்கச் சொன்னீங்க. ஒரு கையில ஃபோன், ஒரு கையில மூக்குக்கண்ணாடி, மூணாவது கைக்கு எங்கே போவேன்? ஆபீசுல ஆயுசெல்லாம் டைப் அடிச்ச மனுஷனுக்கு, நான் ஒத்தை விரலால தேடுறது பொறுக்கலை. "தள்ளு"ன்னு வந்து உட்கார்ந்தார். ஸ்பீக்கர் போட்டேன். ரெண்டு பேருக்கும் ரெண்டு பேர் குரலும் நல்லாவே கேக்குது. ஆனாலும் இவர், "அவரை மெதுவாச் சொல்லச் சொல்லு"ங்கறார். நீங்க, "அடிச்சாச்சான்னு கேளுங்க அத்தை"ங்கறீங்க. நடுவுல நான் தபால்காரி. அப்புறம் அது பாஸ்வேர்ட் கேட்டுது. இத்தனை நாளா தானாவே திறந்துக்கிட்ட சாமான், எனக்கென்ன தெரியும்? நீங்க கொஞ்சம் தயங்கி, "சின்ன வயசுல நீங்க அவளைக் கூப்பிட்ட பேர்தான், மாமா"ன்னீங்க.

மாமா விரல் அப்படியே நின்னுடுச்சு. அப்புறம் மெள்ள அடிச்சார். "ஒண்ணும் விழலையே?"ன்னு நேரா உங்ககிட்டயே கேட்டார்.

"வெளியே தெரியாது மாமா. ஆனா உள்ளே போயிட்டுத்தான் இருக்கு."

எனக்குக் கண்ணு கரிச்சுது. ஆனா திரை வந்ததும் சட்டுனு ஃபோனை வச்சுட்டார். ஒரு நன்றி கிடையாது. "இதோட சரி, இனிமே இந்த மெஷினுக்காக என்னைக் கூப்பிடாதே"ன்னு பேப்பரை எடுத்துக்கிட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, தயவுசெய்து இந்த லினக்ஸை எடுத்துவிட்டு, அப்டேட்டே வராத ஏதாவது ஒன்றைப் போட்டுக் கொடுங்கள். உங்களுக்கு இன்னொரு அவமானம் நேர்வதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

நீங்கள் இருவரும் தட்டுகிற கதவெல்லாம் முதல் தட்டிலேயே திறக்க ஆசீர்வதிக்கும்,
அத்தை

பி.கு.: உறை தேடிக் கூடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவோரம் நிற்பது தெரியாமல், மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் வந்திருந்த ஒரு அப்டேட்டுக்குத் தானே சரி கொடுத்தார். திரை கறுப்பானதும் "அடடா, போச்சே"ன்னார், முகமெல்லாம் சிரிப்பு. மேலே எழுதினது எதையும் செய்ய வேண்டாம். லினக்ஸ் இருக்கட்டும். என் மகளை மட்டும் பெட்டி கட்டச் சொல்லுங்க. இதோ, உங்களுக்குத்தான் ஃபோன் போடுறார். நம்பரை என்கிட்ட கேக்கவே இல்லை, மாப்பிள்ளை.