சுரேஷை அடித்த மிருகம் எது?

மரக்காணம்,
வெள்ளிக்கிழமை

என் தங்கை மகள் அம்சவள்ளியின் கணவரும், திண்டிவனத்தில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் நடத்துபவருமான மாப்பிள்ளை அருள்மொழி அவர்களுக்கு, மாமா கண்ணாயிரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அம்சவள்ளியும் குழந்தை தமிழ்நிலாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மன்னிக்கவும். மகன் செத்த வீட்டில் பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. இதையெல்லாம் போனிலேயே பேசியிருப்பேன். இப்போதெல்லாம் நான் கூப்பிட்டால் தாங்கள் எடுப்பதில்லை. வாட்சப்பில் இரண்டு டிக்கும் நீலமாகிறது, பதில்தான் வரக் காணோம். ஆகவே தபால்.

விஷயம் சின்ன விஷயம்தான் மாப்பிள்ளை. என் மகன் சுரேஷை அடித்த மிருகம் எது என்று ஒரே ஒரு பேராக, முடிவாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் உங்களை நான் தொந்தரவு பண்ண மாட்டேன். எட்டு மாதத்துக்கு முன்னே, "நம்ம ஊரு மாதிரியே கடலோரம், நம்ம ஊரு மாதிரியே உப்பு, சம்பளம் மட்டும்தான் வேற மாதிரி" என்று சொல்லி அவனை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினீர்கள். எந்த நாடு என்று என் வீட்டுக்காரி லட்சுமி கேட்டதுக்கு, "ஆப்பிரிக்கான்னா ஆப்பிரிக்காதான் அத்தை" என்றீர்கள், அவளும் தலையாட்டினாள். அங்கேயும் உப்பு அரவை மில்லுலதான் வேலை. நானும் இங்கே அரவை மில்லுல பத்தொம்பது வருசம் மேஸ்திரியா இருந்தவன், அதனால பையன் தெரிஞ்ச வேலைக்குத்தான் போறான்னு நிம்மதியா இருந்தேன். கடைசியா பேசினப்போகூட, "அப்பா, இங்க மெஷின் பெல்ட்டுக்கு மூடி கெடையாதுப்பா"ன்னான். "போன எடத்துல அனுசரிச்சு நடந்துக்கடா"ன்னு சொல்லிட்டு போனை வச்சேன்.

அதுக்கு ஆறாம் நாளு உங்க போன் வந்துது. "மாமா, மனசைத் தேத்திக்குங்க, சுரேஷைக் கழுதைப்புலி அடிச்சிடுச்சி, ஒண்ணும் மிஞ்சலை"ன்னீங்க. நாங்க அழுதோம், விழுந்து பொரண்டோம், அப்புறம் ஊர் வழக்கப்படி கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்கணுமே, பஸ் ஸ்டாண்டுகிட்ட பிளெக்ஸ் கடை தேவா இருக்கான் இல்ல, அவன்கிட்ட போனேன். பையன் சும்மா சாகல, மிருகத்தோட மல்லுக்கட்டிச் செத்திருக்கான், அதையும் போடணும்னு லட்சுமி சொல்லிட்டா. இடப்பக்கம் சுரேஷ், வலப்பக்கம் கழுதைப்புலி, நடுவுல 'போராடி வீரமரணம்'. தேவா போன்ல தேடி எடுத்த படத்துல அந்தச் சனியன் பல்லைக் காட்டி சிரிச்சிக்கினு நிக்குது. என் புள்ளை பக்கத்துல நின்னு சிரிக்குது மாப்பிள்ளை! போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பார்த்துட்டு, கழுதைப்புலின்னு போட்டிருந்ததுல பாதியை மட்டும் படிச்சிட்டு, கண்ணாயிரம் மவனைக் கழுதை உதைச்சிடுச்சாம்னு உப்பளம் பூரா பேச்சு. லட்சுமி நாலு பேர்கிட்ட சண்டைக்குப் போயிட்டா.

அவ சும்மா இருப்பாளா, சட்டையாவது செருப்பாவது மிஞ்சியிருக்கும், அதையாவது அனுப்பச் சொல்லுன்னு ஒரே புடியா நின்னா. உங்களைக் கேட்டேன். ரெண்டு நாள் கழிச்சி, "தப்பாச் சொல்லிட்டாங்க மாமா, உடம்பு முழுசா இருக்குது, காண்டாமிருகம் முட்டினது, பேப்பர் எல்லாம் ரெடியாவ நாளாகும்"ன்னீங்க. சரி, தேவா ரெண்டாவது பேனர் அடிச்சான். பூசாரி சடையப்பன் பதினாறாம் நாளு படையலுக்கு கோழி சொல்லி வச்சிருந்தாரு, பல்லால போன உயிருக்குக் கோழிதான் கணக்காம். காண்டாமிருகம்னதும் மனுசன் தலையைச் சொறியறாரு. "அது புல்லு திங்கறதாச்சே கண்ணாயிரம், சைவ மிருகம் அடிச்சிச் செத்தவனுக்கு இன்னா படைக்கிறது, எனக்குத் தெரிஞ்சி இந்தக் கடற்கரையில அப்படி யாரும் செத்ததில்லையே"ன்னாரு. கடைசியில கோழியும் வச்சி, ஒரு கட்டு அகத்திக்கீரையும் வச்சோம். அழற எடத்துல கீரையைப் பார்த்து எவனோ சிரிச்சிட்டான். அவனைக் குத்தம் சொல்லி இன்னா பிரயோசனம், எனக்கே வாய் கோணிடுச்சி.

அப்புறம் எங்கூட மில்லுல இருந்த மரியதாஸ் வந்தாரு. சர்ச்சுல சுரேஷுக்காகப் பூசை வச்ச மனுசன். "ஏம்பா, கடலோரத்து உப்பு மில்லுக்குள்ள காண்டாமிருகம் எப்படி வந்துது, கேட்டுல வாட்ச்மேன் இல்லையா"ன்னாரு. நியாயம்தானேன்னு மறுபடி உங்களைக் கேட்டேன். "காட்டெருமை மாமா, நான் முன்னாடியே சொன்னேனே"ன்னீங்க. நீங்க சொல்லல. இருந்தாலும் மூணாவது பேனர் அடிச்சேன். தேவா நல்ல பையன், காசே வாங்கல. "பேசாம எல்லா மிருகத்தையும் வரிசையாப் போட்டுடலாம் அண்ணே, எது அடிச்சிதோ அது இருந்துட்டுப் போவட்டும்"ன்னான்.

அதான் நேர்லயே கேட்டுடலாம்னு போன திங்கக்கிழமை திண்டிவனம் வந்தேன். நீங்க வெளிய போயிருக்கறதா அம்சவள்ளி சொல்லுச்சி. உங்க செருப்பு வாசல்ல இருந்துது, சரி, வேற செருப்பு போட்டுக்கினு போயிருப்பீங்க. காபி குடுத்துச்சி, குடிச்சேன். ஹால்ல தமிழ்நிலா ஒரு குச்சியை வச்சிக்கினு சுவத்துல ஒட்டியிருந்த சார்ட்டைப் படிச்சிக்கினு இருந்துது. ஸ்கூல்ல ஆளுக்கு ஒரு எழுத்து குடுத்து ஆப்பிரிக்கா மிருகம் ஒட்டிக்கினு வரச் சொன்னாங்களாம், பாப்பாவுக்கு க வரிசை. "கழுதைப்புலி, காண்டாமிருகம், காட்டெருமை, கொரில்லா, கீரி." தடங்கலே இல்லாம படிக்குது மாப்பிள்ளை, நல்ல புத்தி, திருஷ்டி சுத்திப் போடுங்க. எனக்காக ரெண்டு தரம் படிச்சிக் காட்டுச்சி. காபி டம்ளரைக் கீழ வைக்க எனக்கு ரொம்ப நேரம் ஆச்சி.

புதன்கிழமை நீங்களே போன் பண்ணி, கொரில்லான்னீங்க. சரிங்க மாப்பிள்ளைன்னு போனை வச்சிட்டேன். உங்களுக்கு ஆயிரம் வேலை, எத்தனையோ பேரை அனுப்பறீங்க, ஞாபகம் தப்பும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன், கீரியை மட்டும் சொல்லிடாதீங்க. ஆறடி பையனை கீரி அடிச்சிடுச்சின்னு இந்த ஊர்ல நான் எப்படித் தலைகாட்டுவேன்? லட்சுமி சோத்துல கை வைக்கிறதில்ல. இன்னா மிருகம்னு தெரிஞ்சா அதைத் திட்டியாவது அழுவேன்றா. யாரைத் திட்டறதுன்னு தெரியாம பகல் பூரா சுவத்தைப் பார்த்துக்கினு உக்காந்திருக்கா. அவளுக்காகத்தான் கேக்கறேன்.

அம்சவள்ளி கழுத்துல நீங்க தாலி கட்டினப்போ தாய்மாமனா பக்கத்துல நின்னு அட்சதை போட்டவன் நான். அந்தக் கையாலயே எழுதறேன். தாங்கள் குடும்பத்தோடு நீண்ட ஆயுசோடும் குறைவில்லாத தொழிலோடும் வாழ அம்மன் அருள் புரியட்டும். குழந்தைக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமா,
கண்ணாயிரம்

பி.கு.: மேலே எழுதினதை அடிச்சிட்டதா வச்சிக்குங்க. கடிதத்தைத் தபால்ல போடறதுக்குள்ள, நேத்து மத்தியானம் சுரேஷ் வந்துட்டான். கூட வேலை செஞ்ச வேதாரண்யத்துப் பையன் ஒருத்தன் எம்பசிக்கு எழுதி எழுதி அனுப்பி வச்சிருக்கான். பெட்டியைத் தொறக்க வேணாம்னாங்க. நான் தொறந்தேன். பல்லு பட்ட எடம் இல்ல, கொம்பு பட்ட எடம் இல்ல. வலது கை தோள்பட்டையோட இல்ல. பெல்ட்டு இழுத்த கையை நான் எங்க மில்லுல ஒரு தரம் பார்த்திருக்கேன், எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. மெஷின்ல செத்தா மில்லுக்காரன் பதில் சொல்லணும், அனுப்பின ஆளும் சொல்லணும். மிருகம் அடிச்சா யாரு கேக்கப் போறாங்கன்னு இருந்திருக்கீங்க. அவன் மூடி இல்லைன்னு சொன்னான் மாப்பிள்ளை. அனுசரிச்சுக்கடான்னு சொன்ன பாவி நான். அதை நான் சுமந்துக்கறேன். உங்களுதை ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன்.

மிருகத்தோட பேரு இனிமே வேணாம். தேவா நாலாவது பேனரை அடிச்சி முடிச்சிட்டான், நாளைக்கு உங்க ஆபீஸ் எதிர்ல கட்டறோம். இடப்பக்கம் சுரேஷ். வலப்பக்கம் மிருகம் இருந்த எடத்துல உங்க போட்டோ. அம்சவள்ளி கல்யாண ஆல்பத்துல இருந்து எடுத்தது, நல்லா சிரிச்சிக்கினு இருக்கீங்க.